நீரும் வெயிலும் காற்றும்: இலங்கை மின்சாரத்தின் முன்னோக்குக் கணக்கு

சிவனொளிபாத மலைக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இடைப்பட்ட மலைத்தொடரிலே பிறந்து மேற்கு நோக்கி இறங்கும் ஆறுகள் இரண்டு. ஒன்று மாஸ்கெலியா ஓயா. மற்றது கெகல்கமு ஓயா. இவ்விரண்டும் கலந்தே களனி கங்கையாகிக் கொழும்புக்கு வடக்கே கடலை அடைகின்றன. 1901 ஆம் ஆண்டளவில் இவ்வாறுகளின் படுகையிலே பொன் கிடைக்குமா என்று ஆராய்ந்து வருமாறு பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர் அனுப்பப்பட்டார் என்பர். பொன் அகப்படவில்லை. ஆனால் மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி நானூறு மீற்றருக்கும் மேலாக விழக்கூடிய நீரை அவர் கண்டார். கண்டோர் பலர், அந்நீரின் வீழ்ச்சியைக் கணக்கிட்டுப் பார்த்தவர் அவர். அவருடைய பெயர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. 1874 இலே காலியிற் பிறந்தவர். கீழ்நிலைப் பதவியிலிருந்து தம் முயற்சியாற் பொறியியலாளராக உயர்ந்தவர்.

அக்காலத்திலே இலங்கையில் மின்சாரம் என்பது பட்டினத்துக்குரிய ஓர் ஆடம்பரப் பொருள். கொழும்பிலே 1895 இல் ஒரு வணிக நிறுவனம் மின்விளக்கை அறிமுகம் செய்தது. நூற்றாண்டு முடியுமுன் அதே நகரில் மின்சார டிராம் வண்டிகளும் ஓடத் தொடங்கின. இவற்றுக்கெல்லாம் வேண்டிய வலு கடல் கடந்து வந்த எரிபொருளிலிருந்தே பெறப்பட்டது. நிலக்கரி ஏற்றிய கப்பல் வாராதுபோனால் விளக்கும் இல்லை, வண்டியும் இல்லை. மழையோ எவருக்கும் விலைச்சீட்டு அனுப்புவதில்லை. இந்த எளிய வேறுபாட்டை அரசாங்கத்துக்கு விளங்கவைப்பதற்கு விமலசுரேந்திர தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியிருந்தது.

முதலிலே நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, பிளாக்பூல் என்னுமிடத்தில், அவருடைய முயற்சியால் ஒரு சிறு நீர்மின் நிலையம் எழுந்தது. நுவரெலியா நகருக்கு அது ஒளி கொடுத்தது. சிறியது நடந்தால் பெரியதும் நடக்கும் என்பது பொறியியலாளரின் நம்பிக்கை. 1918 இலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னிலையில் நீர்வலுவின் பொருளாதாரப் பயன்பற்றி அவர் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். மாஸ்கெலியா, கெகல்கமு ஆகிய இரு ஆறுகளையும் அணைகட்டித் திருப்பி, மலையைக் குடைந்து, நீரைக் குழாய்வழியே இறக்கி, அதனாற் பெறும் மின்சாரத்தை நாடு முழுவதற்கும் பயன்படுத்தலாம் என்பதே அக்கட்டுரையின் சாரம்.

இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. அத்திட்டத்துக்கு எதிராக எழுந்த வினாக்களில் வலியது பொறியியல் பற்றியதன்று. மலையைக் குடைய முடியுமா என்று கேட்டவரிலும், இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்டவரே அதிகம். கொழும்பு, கண்டி, நுவரெலியா ஆகிய நகரங்களின் அன்றைய பாவனையைக் கூட்டிப் பார்த்தால், மாஸ்கெலியா ஓயாவின் ஒரு துளியே போதும் போலத் தோன்றியது. அவர்கள் இட்ட கூட்டலிலே பிழையில்லை. எதைக் கூட்டினார்கள் என்பதிலேதான் பிழை இருந்தது. ஒரு பொருள் கிடைக்காத இடத்திலே அப்பொருளுக்குத் தேவை இல்லை என்று கொள்வது, பாலமில்லாத ஆற்றைக் கடப்போர் தொகையை எண்ணிவிட்டுப் பாலம் வேண்டாம் என்பதை ஒக்கும்.

1924 இலே வேலை ஒருவாறு தொடங்கிற்று. நோர்ட்டன் பிரிட்ஜ் அயலிலே பாதைகள் வெட்டப்பட்டன, தொழிலாளர் குடியேற்றப்பட்டனர். மூன்றாண்டு கழிந்ததும் செலவு மிகுதியென்று கூறி வேலை நிறுத்தப்பட்டது. அதே காலத்தில், கொழும்பின் தேவைக்காக எரிபொருளால் இயங்கும் ஸ்டான்லி மின்நிலையம் அமைக்கப்பட்டது. மலையிலே மழை வழமைபோலப் பெய்துகொண்டிருந்தது. 1929 இலே விமலசுரேந்திர உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆயினும் ஓய்ந்திருந்தாரில்லை. 1931 இலே இரத்தினபுரித் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குள் நுழைந்து, அங்கும் இவ்விடயத்தையே வற்புறுத்தினார். எஞ்சினியர் ஒருவர் தம் வரைபடத்துக்காகத் தேர்தலில் நின்றது உலக வரலாற்றிலே அதிகம் நிகழ்ந்திருக்க மாட்டாது.

இடையிலே இரண்டாம் உலகப் போரும் வந்து போயிற்று. ஈற்றில், 1950 இலே, லக்சபானவின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. அதன் வலு 25 மெகாவாற்று. கட்டுரை சமர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் முப்பத்திரண்டு ஆண்டுகள். விமலசுரேந்திர அதனைக் கண்ணாற் கண்டார். 1953 இலே காலமானார்.

அதன்பின் நடந்தது என்ன? யார் வாங்குவார் என்று கேட்கப்பட்ட மின்சாரம் எட்டே ஆண்டுகளிற் போதாமற் போயிற்று. 1958 இலே லக்சபானவில் இன்னும் 25 மெகாவாற்று சேர்க்கப்பட்டது. 1965 இலே நோர்ட்டனில் 50 மெகாவாற்று நிலையம் எழுந்தது. அதற்கு விமலசுரேந்திரவின் பெயரே சூட்டப்பட்டது. 1969 இலே பொல்பிட்டியவில் 75, 1974 இலே புதிய லக்சபானவில் 100, 1980களிலே கன்யனில் 60. நிறுவப்பட்ட காலத்துக் கணக்கின்படி, அதே இரு ஆறுகளிலிருந்து பெறப்பட்ட வலு 335 மெகாவாற்று ஆயிற்று.

மின்சாரத் திட்டமிடுவோர் ஏன் பத்தும் இருபதும் ஆண்டுகள் முன்னே பார்க்க வேண்டும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. தேவை ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏழு வீதம் வளருமாயின், பத்தாண்டிலே அது இருமடங்காகிவிடும். வட்டிக் கணக்குத் தெரிந்த மாணவரும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பெரிய அணையை ஆராய்ந்து, பணம் தேடி, கட்டி முடிப்பதற்கும் பத்தாண்டளவு செல்லும். ஆகவே, பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்த பின்னர் திட்டமிடுபவர், அது தீர்வதற்கு முன்னர் இன்னொரு மடங்கு பற்றாக்குறையைக் காண்பார். 1969 நவம்பரிலே அரசாங்கத்தின் மின்சாரத் திணைக்களத்துக்குப் பதிலாக இலங்கை மின்சார சபை சட்டப்படி நிறுவப்பட்டபோது, அதன் தலையிலே சுமத்தப்பட்ட பெரும்பணிகளில் ஒன்று இதுவாகும். பிற்காலத்திலே இருபது ஆண்டுக்குரிய நீண்டகால உற்பத்தி விரிவாக்கத் திட்டம் ஒன்றை வரைந்து, குறித்த இடைவெளிகளில் அதைத் திருத்தி வெளியிடுவது அச்சபையின் வழக்கமாயிற்று.

திட்டம் வரையும்போது பொறியியலாளர் முதலிற் கேட்கும் கேள்வி, மழை பொய்த்தால் என்ன செய்வது என்பதாகும். மின்சாரத்தை நெல்லைப்போலக் கொம்பறையிலே இட்டுவைத்தல் எளிதன்று. ஆனால் மின்சாரமாக மாறவிருக்கும் நீரைத் தேக்கி வைக்கலாம். லக்சபானவின் முதற்கட்டத்துக்கு நோர்ட்டனிலே இருந்தது ஒரு சிறு குளம் மாத்திரமே. ஆறு ஓடும் அளவுக்கே மின்சாரம் என்ற நிலை. காசல்றீ, மவுசாக்கலை ஆகிய பெரு நீர்த்தேக்கங்கள் 1960களிலே கட்டப்பட்ட பின்னரே தென்மேற்குப் பருவமழையின் மிகுதியைத் தை, மாசி, பங்குனி மாதங்களுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது.

இந்த மவுசாக்கலையைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். அந்நீர்த்தேக்கத்தின் அடியிலே ஓர் ஊர் கிடக்கிறது. அதுதான் பழைய மாஸ்கெலியா. தோட்டத் தொழிலாளரும் கடைக்காரரும் கூடிய சந்தை அங்கே இருந்தது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்தன. நீர் ஏற ஏற ஊர் மேட்டுக்கு மாறியது. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளிலே பழைய கோயிலின் கற்சுவர் மீண்டும் வெளியே தெரியும். அப்போது முதியோர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சேற்றின்மேல் நடந்து சென்று அங்கே கற்பூரம் ஏற்றுவதுண்டு. அதே காட்சி மின்சாரப் பொறியியலாளருக்கு அச்சமூட்டுவது. கோயில் தெரிந்தால் நீர் இல்லை என்பது பொருள்.

இன்னுமொரு செய்தி. நோர்ட்டனிலும் லக்சபானவிலும் பிறந்த மின்சாரம் 66,000 வோல்ற்று அழுத்தத்திலே உயர்ந்த இரும்புக் கோபுரங்களின்மீது கொழும்புக்குச் சென்றது. அக்கோபுரங்கள் தேயிலைத் தோட்டங்களினூடே, லயன் வீடுகளின் கூரைக்கு மேலாகச் சென்றன. அந்த லயன்களிலோ பல பத்தாண்டுகளாக மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. லக்சபான இயங்கத் தொடங்கியபோது அம்மக்களிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் குடியுரிமை அற்றோராய் இருந்தனர். தேவைக் கணக்கு முன்னைய ஆண்டுகளின் விற்பனையை அடியாகக் கொண்டு எழுதப்படுவது. விற்பனை இல்லாத இடத்திலே அந்த ஏட்டில் ஒரு சுன்னமே விழும். சுன்னத்தை எத்தனை வீதத்தாற் பெருக்கினாலும் சுன்னம்தான். 1918 இலே முழு நாட்டுக்கும் செய்யப்பட்ட அதே தவறு, பின்னர் மலையகத்துக்கும், பின்தங்கிய கிராமங்களுக்கும், சிறிய அளவிலே திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. கிராம மின்மயத் திட்டங்கள் வந்து, 2010களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டியது என்பதை இங்கே மறுக்கவில்லை. எட்டுவதற்கு எத்தனை தலைமுறை சென்றது என்பதே சொல்லவேண்டியது.

மகாவலித் திட்டத்தின் கதை பலரும் அறிந்தது. பொல்கொல்லை அணையாலே திருப்பிய நீரைக் கொண்டு உக்குவெல நிலையம் 1976 இலே இயங்கிற்று. 1980களிலே விக்டோரியாவில் 210, கொத்மலையில் 201, ரந்தெனிகலையில் 122 மெகாவாற்று என மலைநாட்டின் நீர் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டது. வயலுக்கும் விளக்கும் அதே நீர்தான். எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பதிலே கமக்காரருக்கும் மின்பொறியியலாளருக்கும் இடையே இணக்கம் எளிதில் ஏற்படாது. ஆயினும் 1990களின் நடுப்பகுதியிலே நாட்டின் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்தே வந்தது. புகையில்லாத மின்சாரம் என்று இன்று உலகம் விரும்பும் நிலையிலே இலங்கை அன்றே இருந்தது.

ஆனால் 1996 இலே மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின. நாள்தோறும் பல மணி நேரம் விளக்கணைந்தது, தொழிற்சாலைகள் நின்றன. நீரைமட்டும் நம்பிய திட்டத்தின் குறை அவ்வாண்டிலே எல்லோருக்கும் தெரிந்தது. அணைகட்டத் தகுந்த பெரிய இடங்களும் அநேகமாக முடிந்துவிட்டன. ஜெர்மன் உதவியோடு 1989 இலே வரையப்பட்ட பெருந்திட்டம் எஞ்சிய இடங்களைத் தேடி வரிசைப்படுத்தியிருந்தது. தலவாக்கலையில் அமைந்த மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாற்று வலுவோடு இயங்கத் தொடங்கியது 2012 இலேதான். அதற்கிடையிலே சென்கிளேயர் அருவி வற்றும் என்ற எதிர்ப்பும், குடிபெயரவேண்டியிருந்த குடும்பங்களின் கவலையும் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டன. அந்த விவாதம் வேண்டாத தாமதம் என்று சொல்வோர் உண்டு. பழைய மாஸ்கெலியாவிலே அத்தகைய விவாதம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

நீர் போதாதெனில் நிலக்கரி என்றது அடுத்த திட்டம். எங்கே கட்டுவது என்பதிலேயே ஆண்டுகள் பல கழிந்தன. இறுதியிலே புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரையான காலத்திலே மூன்று அலகுகளாக 900 மெகாவாற்று நிலையம் எழுந்தது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலே இன்னொரு நிலக்கரி நிலையம் திட்டமிடப்பட்டு, 2016 இலே கைவிடப்பட்டது. சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டுப் போரிலே இடம்பெயர்ந்து நெடுங்காலம் தம் நிலத்துக்காகக் காத்திருந்தவர்கள். அவர்கள் நிலத்தை மின்நிலையத்துக்கு உகந்த வெற்றிடமாக வரைபடத்திற் குறிப்பது எளிதாயிருந்தது. நிலையங்கள் காலத்துக்கு வாராதுபோன இடைவெளியை நிரப்பியது எண்ணெய். அது எல்லாவற்றிலும் விலைகூடியது.

யாழ்ப்பாணக் குடாநாடு இதற்கு வேறொரு சான்று. போர்க்காலத்திலே தேசிய மின்வலையமைப்பிலிருந்து அது துண்டுபட்டுக் கிடந்தது. எண்ணெய் இயந்திரங்களே அங்கு மின்சாரம் கொடுத்தன. போர் முடிந்த பின்னர், வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் மீண்டும் இணைக்கப்பட்டது. அதற்குள் சுன்னாகத்து அயற் கிணறுகளிலே எண்ணெய் கலந்துவிட்டது என்ற முறைப்பாடு எழுந்து, வழக்கு 2019 இலே உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. ஆறில்லாத மண்ணிலே வாழ்வோருக்குக் கிணறே உயிர். மின்சாரம் தூய்மையானதா என்ற வினா அங்கே புகைபோக்கியைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை; குடிநீரைப் பற்றியதாக இருந்தது.

2022 பங்குனி இறுதியிலே நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. நீர்த்தேக்கங்களிலும் போதிய நீர் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுதிரியின் முன் இருந்தனர். கப்பல் வாராவிட்டால் விளக்கில்லை என்ற பழைய கொழும்பின் நிலை முழு நாட்டுக்கும் திரும்பி வந்தது.

அதற்கு முன்னரே காற்றையும் வெயிலையும் நோக்கிய முயற்சி தொடங்கியிருந்தது. மின்சார சபை 1999 இலே அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற்றுக் காற்றாலைகளை ஒரு பரீட்சையாக நிறுவிற்று. மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற்று நிலையத்தை அச்சபை அமைத்தது. அது 2020 மார்கழியிலே திறந்து வைக்கப்பட்டது. 2030 அளவிலே மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது அரசாங்கம் வகுத்த இலக்கு. மன்னார்க் கடற்கரையோ புலம்பெயர் பறவைகள் வந்து தங்கும் இடம். மீனவர் வலை உலர்த்தும் மணல். மேலும் காற்றாலைகள் வருமென்றறிந்த மக்கள் 2025 இலே வீதியில் இறங்கினர். தூய மின்சாரம் என்ற பெயரே எதிர்ப்பை அடக்கிவிடும் என்று எண்ணியவர் ஏமாந்தனர்.

வெயிலின் கதை இதனிலும் விசித்திரமானது. வீட்டுக் கூரைகளிலே சூரியத் தகடுகள் பெருகி, அவற்றின் வலு ஆயிரம் மெகாவாற்றைக் கடந்தது. 1918 இலே மின்சாரத்தை வாங்க ஆளில்லை என்றார்கள்; ஒரு நூற்றாண்டின் பின், குறித்த சில வேளைகளிலே, உண்மையாகவே வாங்க ஆளில்லாத மின்சாரம் வந்து சேர்ந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகள் மூடியிருந்தன, நண்பகல் வெயில் நன்றாக எறித்தது. பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு முழுத் தீவையும் இருளாக்கிற்று. குரங்கைக் குறித்து நகைத்தவர் பலர். ஆனால் காரணம் குரங்கோடு நிற்கவில்லை. பெருஞ் சுழலிகள் சுழலும்போது அவற்றின் பாரமே வலையமைப்பைத் தாங்கும் உறுதியைக் கொடுக்கிறது. ஒரு வண்டிச் சக்கரம் வேகமாக ஓடும்போது சிறு கல் அதனைச் சாய்க்காதது போல. கூரைத் தகடுகளில் சுழல்வது எதுவுமில்லை. அந்நேரத்திலே சுழலிகள் குறைந்து தகடுகள் மிகுந்திருந்தமையால், சிறு கல்லே வண்டியைக் கவிழ்த்தது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு வீட்டுக்காரர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மாலை ஆறரைக்கு வீடுதோறும் விளக்கெரியும் வேளையிலோ வெயில் போயிருக்கும். அப்போது நீரும் நிலக்கரியும் எண்ணெயுமே கைகொடுக்க வேண்டும்.

ஆகவே திட்டமிடுவோரின் ஏட்டிலே, எவ்வளவு மின்சாரம் என்பதோடு, எந்த மணிக்கு என்பதும் ஒரு கேள்வியாயிற்று. இதற்கு விடையாக நீண்டகாலத் திட்டங்களிலே இடம்பெற்ற முயற்சிகளுள் ஒன்று, கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதியில் மகா ஓயாவைச் சார்ந்து 600 மெகாவாற்று அளவிலே கருதப்பட்டது. மலைமேல் ஒரு தேக்கம், அடிவாரத்தில் ஒரு தேக்கம். நண்பகலில் மிஞ்சும் வெயிலின் மின்சாரத்தைக் கொண்டு கீழுள்ள நீரை மேலே ஏற்றுவது. மாலையிலே அதே நீரை இறக்கி மின்சாரம் பெறுவது. மழையின் வேலையை வெயில் செய்கிறது என்று சொல்லலாம்.

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிப்பதற்கு வழிவகுத்தது. இனி முன்னோக்கிக் கணக்கிடும் பொறுப்பு எந்த மேசைக்குச் சென்றாலும், மலைமேல் தேக்கம் அமையவிருக்கும் இடத்திலே இன்று யார் குடியிருக்கிறார்கள், அவர்களுடைய மாலைநேர விளக்கு எந்தப் பத்தியிலே எழுதப்பட்டிருக்கிறது என்ற இரு கேள்விகளும் அந்த ஏட்டோடு கூடவே செல்லும்.